குப்பைக்குழிக்குப் போட்ட நேர்ச்சை

ஆவூர்,
தபசுகாலம், வியாழக்கிழமை.

சர்வேசுரனுடைய கிருபையாலும் தேவமாதாவின் மன்றாட்டாலும் திருச்சினாப்பள்ளியில் சுகமாய் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி இன்னாசிக்கு, அக்காள் அடைக்கலமேரி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் பசுவும் கோழிகளும் க்ஷேமம். உன் மச்சானும் க்ஷேமந்தான், ஆனால் வீட்டில் இல்லை. கோபித்துக்கொண்டு மேலத்தெருவில் தன் தங்கச்சி ஆரோக்கியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டார். நீ வந்து பேசி அழைத்துவரத்தான் இந்தக் கடிதம்.

யுத்த சமயத்தில் எதையும் வீணாக்கக் கூடாது, அப்பம் பங்கிட்ட இடத்தில் மிஞ்சினதைக்கூட நம் ஆண்டவர் கூடையில் சேர்க்கச் சொன்னார் என்று சாமியார் பிரசங்கம் பண்ணினார். எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் நம் வீட்டிலிருந்து குப்பைக்குழிக்கு ஒரு பிடிகூடப் போகாது என்று அங்கேயே அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். அன்றிலிருந்து பூசணித்தோல் துவையலாச்சு, கிழிந்த சாக்கு அவருக்குத் தலையணை உறையாச்சு, புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் காபிப்பொடியில் கலந்தேன். "காபியில பல்லுக்கும் வேலை வச்சிருக்கியே" என்றதோடு சரி, தங்கமான மனுஷன், குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார். வினை வந்தது கஞ்சியால். மிஞ்சின கஞ்சியைக் கொட்ட மனசில்லாமல், அதில் உப்புப் போட்டிருந்ததை மறந்து, அவர் வேட்டியை முக்கி மொடமொடவென்று காயப்போட்டுக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வந்தார். கோயிலைச் சுற்றி வந்து ஒன்பதாம் ஸ்தலத்தில் எல்லாரும் முழங்கால் போட்டபோது, பின்னால் மதிலோரம் நின்ற காத்தாயி வீட்டு ஆடு வந்து வேட்டி நுனியை வாயில் வாங்கிக்கொண்டது. உப்பு ருசி கண்ட ஆடு விடுமா. சனமெல்லாம் எழுந்து அடுத்த ஸ்தலத்துக்குப் போக, எழுந்தால் வேட்டி ஆட்டோடு போய்விடும் என்று இவர் மட்டும் கண்ணை மூடிக் கைகூப்பி, கண்ணீர் ஒழுக அப்படியே இருந்தார். திரும்பிப் பார்த்த சாமியாருக்கு இவர் தெரிந்தாரே தவிர ஆடு தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில், நம் வாத்தியாரைப் பார்த்துப் பக்தியைக் கத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே காத்தாயி வந்து நிற்கிறாள். "ஆத்தா, வாத்தியாரு முழங்கால் போட்ட வேட்டியில ஒரு துண்டு குடுங்க, பேரனுக்குக் காய்ச்சல், கையில கட்டணும்" என்கிறாள். அவள் ஆடு தின்றது போக மீதி பெட்டியில்தான் கிடந்தது. துணிக்குக் கண்ட்ரோல் இருக்கிற காலத்தில் வீணாகாமல் போகிறதே என்று கிழித்துக் கொடுத்தேன். அவள் சொல்லி நாலுபேர் வந்தார்கள், அவர்களுக்கும் கொடுத்தேன். அந்நேரம் பார்த்து உன் மச்சான் வந்துவிட்டார். "ஒன் நேர்ச்சையால என்னையப் பீடத்துல ஏத்தி அர்ச்சிஷ்டவராக்கிப்புட்டியே, இனிமே நான் பள்ளிக்கூடத்துல பிள்ளையள எப்படி அடிப்பேன்" என்று கேட்டார். "ஆட்டைப் பத்திச் சாமியார்கிட்ட நீயே சொல்லு, அடைச்சு வச்ச குப்பையையும் கொட்டு, அப்பத்தான் வருவேன்" என்று அங்கிட்டுப் போனவர்தான்.

அவர் இல்லாமல் பாஸ்குத் திருநாள் எனக்கு எதற்கு? நேற்றுச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணப்போய் ஆடு, உப்பு, வேட்டி எல்லாம் சொல்லிவிட்டேன். தட்டிக்கு அந்தப்பக்கம் வெகுநேரம் இருமல்தான் கேட்டது. பிறகு, "நேர்ச்சையிலேருந்து ஒன்னைய விடுவிச்சாச்சு, போயி வீட்டைக் கூட்டும்மா" என்றார். இன்று காலை சாக்கு, சிரட்டை, புளியங்கொட்டை அத்தனையையும் குழியில் கொட்டிவிட்டேன். இனி ஒன்றும் சேர்த்துவைக்க மாட்டேன் என்று உன் மச்சானிடம் நீ ஜாமீன் சொல்லிக் கூட்டிவா. உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சம்மனசுகள் துணையிருக்க மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
அக்காள் அடைக்கலமேரி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் உன் மச்சான் தானாகவே வந்துவிட்டார். ஆரோக்கியம்மாள் வடிகஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுகிறாளாம், தோலைச் சீவித் தெருவில் எறிகிறாளாம். கண்கொண்டு பார்க்க முடியாமல், ஏன் வீணாக்குகிறாய் என்று இவர் வேளைக்கு வேளை கேட்டிருக்கிறார். "அண்ணே, நீங்க ஒங்க வீட்டுக்கே போயிருங்க" என்று சொல்லிவிட்டாளாம். இப்போது குழிக்குள் இறங்கி நின்று, நான் கொட்டினதையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி மேலே போடுகிறார். குடும்பப் பொம்பளைக்கு இவ்வளவு ஊதாரித்தனம் ஆகாது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார். தம்பி, நீ கட்டாயம் புறப்பட்டு வா. என் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டும்.