விண்வெளி அண்ணனின் தாடி

கூலாய் வட்டாரத்தில் விண்வெளி அண்ணனைவிடத் தைரியசாலி கிடையாது. அவரைவிடப் பயந்தாங்கொள்ளியும் கிடையாது. இரண்டும் எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு, அதிகம் உடைத்துக்கொண்டது நான்தான்.

முதலில் தைரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். கல்யாணம் ஆகாதவர். சாக்கடையில் மலைப்பாம்பு வந்தால் மற்ற தாமான்களில் தீயணைப்புப் படையைக் கூப்பிடுவார்கள், எங்கள் வரிசையில் அவரைக் கூப்பிடுவோம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, "வாடா கண்ணு, வா வா" என்று கொஞ்சியபடியே பாம்பைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார். இடி இடித்துக்கொண்டிருக்கும்போது கூரை மேல் ஏறி ஓட்டை அடைப்பார். எந்தக் கிழமை வைத்தது என்று அவருக்கே தெரியாத மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர், உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் கார் ஒன்றுக்குப் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுவார். பொம்மைக் கார்களைப் பாகம் பாகமாக வாங்கி ஒட்டி, வண்ணம் பூசி அலமாரியில் அடுக்குவது அவருடைய ஒரே பொழுதுபோக்கு. அதற்குத் தலை முதல் கால் வரை வெள்ளை உறை, ரப்பர் கையுறை, நீச்சல்காரர் போடுவது மாதிரி கண்ணாடி. எல்லாவற்றுக்கும் மேலே, கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு வட்ட வடிகட்டிகள் வைத்த மாஸ்க். இந்தக் கோலத்தில் அவரை ஒருமுறை பார்த்த யாரோதான் விண்வெளி என்று பெயர் வைத்திருக்க வேண்டும். அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்காவது தெரியுமா என்பது சந்தேகமே.

நான் அவரை முதன்முதலில் பார்த்ததும் இந்தக் கோலத்தில்தான். நாங்கள் குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் தூபக்காலில் கனல் போட்டு, சாம்பிராணி தூவி, அறை அறையாகக் காட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். எதிரே வெள்ளையாக ஓர் உருவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு டப்பா. "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து, ஒரு வாளித் தண்ணீரைத் தூபக்கால் மேல் ஊற்றியது. பாதி என் புடவை மேல்.

என் அலறலைக் கேட்டு வீட்டுக்காரர் ஓடி வந்தார். உருவம் மாஸ்க்கைக் கழற்றியது. உள்ளே வியர்வையில் நனைந்த, மழுமழுவென்று சவரம் செய்த ஒரு முகம் இருந்தது.

"மன்னிச்சிக்குங்க தங்கச்சி. உள்ள பெயிண்ட் அடிச்சிக்கிட்டு இருக்கேன். தின்னர் ஆவி இந்தப் பின்சந்து பூரா மிதக்குது. நீங்க பாட்டுக்கு நெருப்பத் தூக்கிக்கிட்டு வர்றீங்க. ரெண்டு வீடும் சேந்து மேல போயிருக்கும்!"

"மேல போறதுக்கு நீங்க டிரஸ் போட்டு ரெடியா இருக்கீங்க. நாங்க இன்னும் ரெடியாகல லா" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. மறுநாள் புதுத் தூபக்கால் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார், மீதியும் போய்விட்டது. அன்றே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவர் பெயிண்ட் அடிக்கும் நேரத்தில் பின்கேட்டில் ஒரு சிவப்புக் கைலியைத் தொங்கவிடுவார். அது தொங்கும்வரை எங்கள் பின்கட்டில் விளக்கு, அடுப்பு, சாம்பிராணி எதுவும் கூடாது. சிங்கப்பூரில் வேலை முடிந்து எல்லைப் பாலத்தில் நெரிசல்பட்டுப் பசியோடு வரும் என் வீட்டுக்காரர், சோறு ஆகியிருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, "கைலி தொங்குதா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

எனக்கு எதையும் தோண்டித் துருவிக் கேட்கும் புத்தி உண்டு. அண்ணன் வீட்டுப் பின்னறையை எட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெயிண்ட் அடிக்க ஒரு பெட்டி, அதன் பின்னால் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய். விசிறியின் மோட்டாரைக் குழாய்க்கு வெளியே வைத்திருந்தார். உள்ளே வைத்தால் ஒரு பொறி பறந்தால் போதுமாம். பெயிண்ட் துடைத்த துணிகளை மூடி போட்ட தகர டின்னில் போடுவார். மாஸ்க்கின் வடிகட்டிகளை, வேலை முடிந்ததும், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவைப்பார். வெளியே விட்டால் அவை சும்மா இருக்கும்போதே வாடையைக் குடித்துத் தீர்ந்துபோகும் என்று விளக்கம் வேறு.

மாஸ்க் சோதனைதான் உச்சம். போட்டதும் இரண்டு வடிகட்டிகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சை இழுப்பார். மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டால்தான் ஓட்டை இல்லை என்று அர்த்தம். அதோடு விடமாட்டார். என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, அந்த டுரியான மூக்குக்கு நேரா புடிங்க" என்பார். பிளந்த டுரியான் பழத்தை நான் அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தாமான் முழுக்க வாடை தூக்கும். அவர் கண்ணை மூடி நிதானமாக மூச்சை இழுத்து, கட்டைவிரலை உயர்த்துவார். வாடை தெரியவில்லை, மாஸ்க் சரி. டுரியான் இல்லாத மாதங்களில் வறுத்த பெலாச்சான், இறாலை அரைத்துப் புளிக்கவைத்த கட்டி. சோதனை முடிந்த டுரியானை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த அறிவியலில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

அந்த மாஸ்க்குக்காக அவர் பெயிண்ட் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அப்போதே சவரம் செய்துகொள்வார். காலையில் செய்தது சாயங்காலத்துக்குச் செல்லாது. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, இடுக்கு வழியாக ஆவி நுழைந்துவிடும்.

"பாம்புக்குப் பயப்படாத ஆளு, பெயிண்டுக்கு ஏண்ணே இப்படிப் பயப்படுறீங்க?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"பாம்பு வந்தா தெரியும் தங்கச்சி" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார்.

பதில் ஒரு தைப்பூச விரத காலத்தில் வந்தது. அந்த வருடம் அண்ணன் காவடி எடுக்க நேர்ந்துகொண்டு சவரம் செய்வதை நிறுத்தினார். மழுமழு முகத்தில் கருகருவென்று தாடி கிளம்பியது. சிவப்புக் கைலி காணாமல் போனது. என் அடுப்புக்கு விடுதலை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"லிம் கிளம்புறான் மாப்ள. வீட்ட வித்துட்டான். தைப்பூசத்துக்கு முன்னாடியே ஈப்போவுல இருக்கிற மககிட்டப் போயிடுறானாம். அவன் காரு இன்னும் வெள்ளையா கெடக்கு."

லிம் அவருடைய பழைய கூட்டாளி. சின்ன வயதில் இருவரும் ஒரு கார் பட்டறையில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அண்ணன் நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்துவார், லிம் பெயிண்ட் அடிப்பார். அப்போது லிம் ஒரு பழைய காரை வாங்கி, தானே கலக்கிய ஒரு பச்சை நிறத்தை அடித்து வைத்திருந்தாராம். அந்தப் பச்சை எந்தக் கடையிலும் கிடைக்காதாம். அதே காரின் பொம்மையைத் தேடிப் பிடித்து ஒட்டி, லிம்முக்குக் கொடுக்கத்தான் அண்ணன் வைத்திருந்தார். ஆனால் பச்சை அடிக்க வேண்டும். அடிக்க மாஸ்க் வேண்டும். மாஸ்க் போடத் தாடி போக வேண்டும்.

"பிரஷ்ல பூசிடுங்களேன்" என்றேன்.

"கார் பெயிண்டர்கிட்ட பிரஷ்ல பூசின காரா? சிரிச்சே மூச்சு நின்னுரும் அவனுக்கு."

"அப்ப தாடிய எடுத்துட்டு, முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

அண்ணன் தரையைப் பார்த்தார். "வேண்டுதலே லிம்முக்குத்தான் தங்கச்சி. அவன் மூச்சுக்கு. நடுவுல எடுக்க மனசு வரல."

என் வீட்டுக்காரர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். "ஒரே ஒரு தடவதானேண்ணே? சின்ன காரு. மாஸ்க் இல்லாம மூச்ச அடக்கிக்கிட்டு அடிச்சிட்டு ஓடி வந்துருங்க."

"லிம்மும் இதத்தான் சொன்னான் மாப்ள. ஒரு கதவுதான்லா, ஒரு பானெட்தான்லாம்பான். தெனமும் ஒரு தடவதான். மாஸ்க் வேர்க்குதுன்னு துணியக் கட்டிப்பான். கடைசியா பளபளப்புக்கு அடிக்கிற கிளியர்ல ஹார்டனர் கலப்போம். அதுதான் சனியன். வாடை வந்து சொல்லாது. இன்னிக்கு அவன் நாலு படி ஏறினா உக்காந்துடுறான். நானும் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல." தாடியைத் தடவியபடி சொன்னார், "பாம்பு வந்தா கண்ணுக்குத் தெரியுமில்ல?"

அத்தனை வருடக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அடுத்த சில நாட்கள் அண்ணன் தாடியோடு மாஸ்க்கைப் பொருத்த எல்லா வித்தையும் செய்து பார்த்தார். தாடி மேல் வாசலின் தடவினார். சமையலறைப் பிளாஸ்டிக் தாளைத் தாடையைச் சுற்றிச் சுற்றினார். பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். விரத வீட்டில் பெலாச்சானுக்கு இடமில்லை என்பதால் பலாப்பழத்தைப் பிடித்தேன். ஒவ்வொரு முறையும் சோகமாகத் தலையாட்டி, "வருது தங்கச்சி, வாசன நல்லா வருது" என்றார்.

பிறகு வேறு முகம் தேடிக் கிளம்பினார். தெருவில் போகிற ஆண்களின் தாடையையெல்லாம் பெண் பார்க்க வந்தவர் மாதிரி உற்றுப் பார்த்தார். தைப்பூச மாதத்தில் எங்கள் தாமானில் சவரம் செய்த ஆண் முகம் எங்கே கிடைக்கும்? என் வீட்டுக்காரரே பதவி உயர்வுக்கு வேண்டிக்கொண்டு கரடி மாதிரிதான் இருந்தார். கடைசியில் அண்ணனின் பார்வை பலாப்பழத்தோடு நின்ற என் முகத்தில் வந்து நின்றது.

"அலாமாக்! இவ்வளவு நாளா பக்கத்துலயே இருக்கு!"

"அண்ணே, நான் வீட்டுச் சுவத்துக்குக்கூடப் பெயிண்ட் அடிச்சதில்ல!"

என் பாச்சா பலிக்கவில்லை. மிச்சம் கிடந்த பழைய கார் உடல்களில் தண்ணீரையும், பிறகு பெயிண்டையும் அடித்துப் பழகினேன். அந்த நாளும் வந்தது. வெள்ளை உறைக்குள் நான் போனேன், கைலி கேட்டில் ஏறியது. உள்ளங்கையால் வடிகட்டியைப் பொத்தி மூச்சை இழுத்தேன், மாஸ்க் கன்னத்தைக் கவ்வியது. பலாப்பழம் வந்தது, வாசனை வரவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கே ஒரு பெருமை.

மாஸ்க் இல்லாத அண்ணன் உள்ளே வரக் கூடாது, அவருடைய சட்டம்தான். சன்னலை மூடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குழாய் வாயிலிருந்து தள்ளி, பின்சந்தில் நின்றுகொண்டார். விசிறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. ஆகவே லோரியை ரிவர்ஸ் எடுக்க வைப்பது மாதிரி கையைக் காட்டினார். வா, வா, கொஞ்சம் ஒடி, நேரா, போதும் போதும், நிறுத்து. நானும் வலமிருந்து இடமாக மெல்லிசாக அடித்துக்கொண்டே போனேன். வெள்ளைக் கார் பச்சையாகிக்கொண்டு வந்தது. அண்ணன் ஞாபகத்திலிருந்தே கலக்கிய அழகான பச்சை அது, மழை பெய்து நின்ற பிறகு வாழைக் குருத்தில் தெரியும் பச்சை.

கடைசிக் கதவுக்கு வந்தபோது, சன்னலில் அண்ணனின் முகம் திடீரென்று கோணியது. திரும்பி ஓடினார். எட்டிப் பார்த்தேன். வேலையிலிருந்து சீக்கிரம் வந்த என் வீட்டுக்காரர், விரத பக்தியில் கைலியைக் கவனிக்காமல், நெற்றி நிறைய விபூதியும் கையில் புகையும் தூபக்காலுமாகப் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். அண்ணன் வாளியைத் தூக்கினார். அடுத்த நொடி கனல், சாம்பிராணி, விபூதி, தாடி எல்லாம் நனைந்து என் வீட்டுக்காரர் நின்றார். "மாப்ள, கைலி! கைலி!" என்று அண்ணன் குதித்தார். மாஸ்க்குக்குள் எனக்குச் சிரிப்பு பீறிட்டது, கை ஆடிவிட்டது. இடது கதவில் பெயிண்ட் திரண்டு ஒரு சொட்டாக வழிந்து நின்றுவிட்டது.

தேய்த்து மறுபடி அடிக்க நாளில்லை. மறுநாள் லிம் கிளம்புகிறார்.

லிம் வீட்டில் பெட்டிகளெல்லாம் கட்டியாகிவிட்டது. ஒற்றை நாற்காலியில் மெலிந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், மூக்கில் மெல்லிய குழாய். எஸ்டேட் பக்கம் வளர்ந்தவர், எங்களைவிட நல்ல தமிழ் பேசினார். பேச்சுக்கு நடுவில் மூச்சுக்காக நின்று நின்று வந்தது.

அண்ணன் காரை அவர் மடியில் வைத்தார். லிம் பார்த்துக்கொண்டே இருந்தார். பச்சையைத் தடவினார். கூரையில் தடவிய விரல் இறங்கி, இடது கதவுச் சொட்டில் வந்து நின்றது.

"இது நீ அடிச்சது இல்ல" என்றார்.

அண்ணன் அசட்டுச் சிரிப்போடு என்னைக் காட்டினார். தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். லிம் சொட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மாஸ்க் போட்டீங்களா?" என்று கேட்டார்.

"போட்டேன்."

"வாசன வந்துச்சா?"

"கொஞ்சங்கூட வரல."

"பாகுஸ். பாகுஸ்." நல்லது என்று இரண்டு முறை சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். அந்தத் தாடியை வெகுநேரம் பார்த்தார். "டேய், இது எனக்கா?"

பாம்பைக் கொஞ்சுகிற அண்ணன் தாடியைச் சொறிந்தார்.

"தைப்பூசம் முடிஞ்சதும் எடுத்துருலா" என்றார் லிம். நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுவரைக்கும் ஸ்ப்ரேய கையில தொடாத. ஒரு தடவைகூட."

திரும்பி வரும்போது அண்ணன் லோரியை மிக மெதுவாக ஓட்டினார்.

தைப்பூசத்தன்று காவடி இறக்கியதும் அண்ணன் தலையும் தாடியுமாக மழித்துக்கொண்டு, வெயிலில் பளபளத்தபடி வந்து நின்றார். அன்று சாயங்காலமே கேட்டில் கைலி ஏறியது. எங்கள் அடுப்பு அணைந்தது.

இப்போது நாங்கள் ஜொகூர் பாருவில், மாடி வீட்டில் இருக்கிறோம். பக்கத்தில் யார் வீட்டிலாவது பெயிண்ட் அடித்துத் தின்னர் வாடை வந்தால், என் கை தானாக அடுப்பை அணைக்கிறது. கூடவே மனம் கூலாய்க்குப் போய்விடுகிறது. இன்றைக்கும் அண்ணன் மறக்காமல் சவரம் செய்திருக்க வேண்டும் முருகா, என்று வேண்டிக்கொள்கிறேன்.