குழாய்க்குள் போன தீர்ப்பு

எம். புதுப்பட்டி,
9 ஜூன் 1962

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர் தேவாசீர்வாதம் ஆசிரியர் அவர்களுக்கு, தங்கை கணவன் மாணிக்கராஜ் வணக்கத்துடன் எழுதுவது. தேவ கிருபையால் இங்கு எல்லாரும் சுகம். சுகத்துக்குக் குறைவில்லாததால் வருமானத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தங்கள் சொல் கேட்டு மகன் இன்பராஜை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தேன். தேறியும் விட்டான். அன்று பிடித்தது சனி. விருதுநகரில் பருத்திக் கடையில் கணக்கெழுதப் போனால், முதலாளியின் மருமகன்களே வரிசையில் நிற்கிறார்கள். சர்க்கார் ஆபீசில் டைப் பாஸ் பண்ணிவிட்டு வரச் சொன்னார்கள். டைப் படிக்கப் பணம் வேண்டும், பணத்துக்கு வேலை வேண்டும். போகட்டும் என்று பட்டாசுக் கம்பெனியில் கேட்டால், "படிச்ச பிள்ளைக்கு இங்கன என்ன சோலி? நாளைக்கே சட்டம் பேசுவான்" என்றார்கள். ஆகவே தங்கள் தங்கை கனகமணி வெடிக்குழாய் உருட்டும் கம்பெனியில் நான் முந்திக்கொண்டு, பையனுக்கு அ, ஆ கூடத் தெரியாது என்றேன். உடனே வேலை கிடைத்தது. சனிக்கிழமைதோறும் கைநாட்டு வைத்துக் கூலி வாங்கினான். வீட்டில் இரண்டு வேளையும் அடுப்பு எரிந்தது.

வெடிக்குக் குழாய் உருட்டுவது பழைய செய்தித்தாளில் என்பது எனக்குத் தெரியும். அதில் எழுத்து இருக்கும் என்பதுதான் உறைக்காமல் போயிற்று. ஒரு நாள் கையில் கிடைத்த தாளில் ஒரு கொலை வழக்கு. இவன் வாய்விட்டு வாசித்துவிட்டான். பெண்கள் கை நின்றது. மறுநாளிலிருந்து இவன் கட்டுக்கட்டாக அந்த வழக்கைத் தேடி வாசிக்க, அவர்கள் கேட்க, தீர்ப்பு வந்த தாள் மட்டும் அகப்படவில்லை. அது குழாயாகியிருக்கும் என்று கூட உருட்டும் முருகம்மாள் சொன்னாளாம். சீசன் நேரத்தில், லோடு ஏற்ற வேண்டிய ஆர்டரை விட்டுவிட்டு, எல்லாருமாகப் பசை காயாத குழாய்களைப் பிரித்திருக்கிறார்கள். ஃபோர்மேன் உக்கிரபாண்டி உள்ளே வந்து, "ஏலே, இதுல எவம்லே படிச்சவன்?" என்றார். இவன் எழுந்து நின்றிருக்கிறான், பள்ளிக்கூடத்துப் பழக்கம். அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

ஆகையால், ஐந்தாம் வகுப்பு தேறிய மகள் ஜெயசீலியைப் பாளையங்கோட்டையில் தங்கள் வீட்டில் வைத்துப் படிக்க வைப்பதாகச் சொன்ன அன்புக்கு நன்றி. அனுப்புவதற்கில்லை. தாயோடு குழாய் உருட்டட்டும். எழுதும்போதே மனசு கசக்கிறது. ஆனாலும் படித்தவர் ஒருவருக்கு மேல் இந்த வீடு தாங்காது. இதில் மாற்றமில்லை.

தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நீடித்த ஆயுசும், படிப்புக்கேற்ற உத்தியோகமும் தருவாராக.

இப்படிக்கு,
மாணிக்கராஜ்

பின்குறிப்பு: எழுதியதைக் கனகமணிக்கு வாசித்துக் காட்டினேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். "அவன் போன மறுநாள் ஒரு குழாயைப் பிரிச்சோம். கூண்டுல நின்னவன் படம் போட்டிருந்துச்சு. தீர்ப்பு அதுலதான். கம்பெனி கேட்டுல சோதனை போடுவாக, வீட்டுக்குக் கொண்டார முடியல. அம்புட்டுப் பேரும் அதைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தி மொகத்தை ஒருத்தி பாத்துக்கிட்டு இருந்தோம். எம்மக அப்படி உக்கார வேண்டாம்" என்றாள். இந்தக் கடிதத்தைத் தங்கள் கையில் கொடுப்பது ஜெயசீலிதான். காலை பஸ்ஸில் இன்பராஜ் கூட்டி வருகிறான். வழியில் வாங்கித் தர அவனிடம் காசில்லை. முதலில் அவளுக்குச் சோறு போடவும்.