முதல் பக்கத்தில் ஆமை

ஒரு காட்டில், செல்போன் டவர் நன்றாகக் கிடைக்கிற காட்டில்தான், குட்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. முதலில் மான்குட்டி. பிறகு கௌதாரிக் குஞ்சு. யார் தூக்கிக்கொண்டு போவது என்று எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்புக் குழுத் தலைவர் ஓநாய், துக்கம் விசாரிக்க வரும்போதெல்லாம் பல் குத்திக்கொண்டே வருவார். "விசாரணை தீவிரமா நடக்குது" என்பார். எல்லோரும் எழுந்து நின்று கும்பிடுவார்கள்.

அங்கே ஜெசிந்தா என்று ஒரு முயல் இருந்தாள். மூன்று குட்டிகளுக்குத் தாய். வாத்து சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தவள். பொய் சொன்னால் சாமி காதைப் பிடித்துத் தூக்கும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு முயலுக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் ஓநாய் தூக்கும் என்பதை மட்டும் சிஸ்டர்கள் பாடத்தில் சேர்க்கவில்லை.

அதனால் ஜெசிந்தா ஒரு மர்ம நாவல் எழுதினாள். கதை என்றால் பொய்யும் ஆகாது, நேரடியாகச் சொன்னதும் ஆகாது. கதையில் குட்டிகள் காணாமல் போகும். கடைசிப் பக்கத்தில் ஓநாய் மாட்டிக்கொள்ளும். படித்துவிட்டு நாலு பேராவது கேள்வி கேட்டால் தன் குட்டிகள் பிழைக்கும் என்று நினைத்தாள்.

மாத நாவல் போடுகிற மரங்கொத்தி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்க முடியாமல் அலகைத் தட்டினார்.

"என்ன மேடம் இது? ஓநாய்தான்னு ரெண்டாவது பாராவுலயே தெரிஞ்சுபோகுது. சஸ்பென்ஸ் எங்கே? யாருமே சந்தேகப்படாத ஆளைப் போடுங்க. ஆமையைப் போடுங்க."

"ஆமை இலைதழை தின்னுட்டுக் கிடக்குது சார்."

"அதான் ட்விஸ்ட்!"

"ஓடுற மான்குட்டியை ஆமை எப்படி சார் பிடிக்கும்?"

"பொறுமையா."

ஜெசிந்தா குட்டிகளை நினைத்தாள். ஓநாயையும் நினைத்தாள். ஓநாய் என்று இருந்த இடத்திலெல்லாம் ஆமை என்று மாற்றினாள். ஒரு இடத்தில் கோரைப்பல்லை எடுக்க மறந்துவிட்டாள். மரங்கொத்தி கவனிக்கவில்லை, அவர் அட்டைப்படத்துக்கு ரத்தம் தேடிக்கொண்டிருந்தார்.

புத்தகம் வாடகை நூலகத்துக்கு வந்தது. அங்கே முள்ளம்பன்றி என்று ஒரு நிரந்தர வாசகர். எந்த மர்மக்கதை வந்தாலும் முதல் ஆளாக எடுப்பார், கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பார், முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். இதில் அவருக்கு என்ன சுகம் என்று என்னைக் கேட்காதீர்கள். 'ஆமைதான் கொலைகாரன்' என்று எழுதினார்.

யாரோ அதைப் போட்டோ எடுத்து 'வனவாசிகள் நலம்' வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நாவலை யாரும் படிக்கவில்லை. முதல் பக்கத்தை எல்லோரும் படித்தார்கள்.

ஆமையை வளைத்துக்கொண்டார்கள்.

"மான்குட்டி காணாமப் போன அன்னிக்கு எங்கேய்யா இருந்தே?" என்று கேட்டார் முள்ளம்பன்றி.

"வீட்டுக்குப் போயிட்டிருந்தேங்க. இன்னும் போய்ச் சேரலை."

"கதை விடாதே!"

"எனக்குப் பல்லே கிடையாதுங்க!"

"எங்கே ஒளிச்சு வெச்சே? சரி, இதுக்குப் பதில் சொல்லு. இதுவரைக்கும் உன்மேல யாராச்சும் சந்தேகப்பட்டிருக்காங்களா?"

"இல்லைங்க."

"பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டான்!"

ஜெசிந்தா கையைத் தூக்கினாள். பேசுவதற்கு முன் கையைத் தூக்க வேண்டும் என்பதும் பள்ளியில் பழகியதுதான். கூட்டத்துக்கு அந்தப்பக்கம் நின்ற ஓநாய் அவளைப் பார்க்கவில்லை. அவள் குட்டிகளைப் பார்த்தார். தூக்கிய கையால் ஜெசிந்தா காதைச் சொறிந்துகொண்டாள்.

ஆமையைக் குழிக்குள் மல்லாக்கப் போட்டார்கள்.

அடுத்த வாரம் முள்ளம்பன்றியின் குட்டி காணாமல் போனது, இன்னும் முள்கூட விறைக்காத குட்டி. ஆமை குழியில்தான் கிடந்தது. காடு கொஞ்ச நேரம் யோசித்தது.

"கூட்டாளி இருக்கான்," என்றார் முள்ளம்பன்றி, அழுதுகொண்டே. "ரெண்டாம் பாகம் எப்ப மேடம் வரும்?"

அன்று சாயங்காலம் ஜெசிந்தாவின் வளைக்கு ஓநாய் வந்தார். பல்லிடுக்கிலிருந்து சின்னதாக ஒரு முள்ளை எடுத்துத் தூரப் போட்டார்.

"உங்க புத்தகத்தை முழுசா படிச்சேன்மா. எழுத்துக்கூட்டி, ஒரு வரி விடாம."

காட்டில் அதை முழுக்கப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

"ஒரு இடத்துல ஆமைக்குக் கோரைப்பல் வருதே, கவனிச்சீங்களா?"

ஜெசிந்தாவுக்கு இரண்டு காதும் சில்லிட்டன. "அச்சுப்பிழைங்க ஐயா."

பள்ளியை விட்டு வந்தபிறகு அவள் சொன்ன முதல் பொய் அது. காதை யாரும் பிடித்துத் தூக்கவில்லை.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றார் ஓநாய். "ரெண்டாம் பாகத்தை நிம்மதியா எழுதுங்க. பிள்ளைங்களை நான் பார்த்துக்கிறேன்." வளை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கடைக்குட்டி போய் அவர் வாலைப் பிடித்து விளையாடத் தொடங்கியது. "இந்தத் தடவை கொலைகாரன் யாரும்மா?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க ஐயா. யாரா இருந்தா நல்லாயிருக்கும்?"

"சேச்சே, உங்க கற்பனையில நான் தலையிடலாமா?" என்றார் ஓநாய். "அணில் எப்படி?"

ஜெசிந்தா இப்போது மிக வேகமாக எழுதுகிறாள். அவள் குட்டிகள் மூன்றும் நலம்.

நீதி: கடைசிப் பக்கம்வரை கொலைகாரன் யாரென்று தெரியாவிட்டால் அது மர்மக்கதை, முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அது பொது அமைதி.