மாதிரி மாப்பிள்ளை

"என்னங்க, உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையாமே?"

மனைவி தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது தளக்காரர் வாயில் தேநீர் இருந்தது. பாதி தொண்டைக்குள் போனது, மீதி கணினித் திரைக்குப் போனது.

செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் திருமணத் தகவல் நிலையத்தில் இணையதளத்தைக் கவனித்துக்கொள்பவர் அவர், அதனால் தளக்காரர். மனைவி எதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறாள் என்று அவருக்கு உடனே புரிந்தது. 

வினை காலையில் தொடங்கியது. முகப்புப் பக்கத்தில் எந்நேரமும் ஒரே மாப்பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார், மற்ற மாப்பிள்ளைகளின் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள் என்று முதலாளியம்மா குறைப்பட்டார். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வேறு முகம் வரவேண்டும், அடுத்து யார் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது உத்தரவு. தளக்காரருக்கு இதெல்லாம் ஊதித் தள்ளுகிற வேலை. தளத்தை நடத்தும் மென்பொருளில் முகப்புக்கு ஒரு பெட்டி வைத்து, இருக்கிற மாப்பிள்ளைகளில் யாராவது ஒருவரை எடுத்துக் காட்டச் சொன்னார். சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு பொய்ப் பதிவு வேண்டியிருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த தன் படத்தையே ஏற்றி, மணமாகாதவர், கெட்ட பழக்கம் இல்லாதவர் என்று நிரப்பினார். சும்மா சோதனைக்கு வைத்த மாதிரிதானே என்று தலைப்பில் 'மாதிரி மாப்பிள்ளை' என்று எழுதினார். பெட்டி அழகாக வேலை செய்த சந்தோஷத்தில் பதிவை எடுக்க மறந்துவிட்டார்.

ஊர் அதை வேறு விதமாகப் படித்தது. மாதிரிப் பள்ளி, மாதிரிப் பண்ணை என்பது போல, மாப்பிள்ளை குலத்துக்கே எடுத்துக்காட்டு இவர் என்று நினைத்துக்கொண்டது. நிலையத்துக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் தொலைபேசிப் பெண்ணின் மேசையில் மணி ஓயவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் முடித்தால் இந்தப் பையனைத்தான் முடிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

தளக்காரர் மனைவியிடம் மென்பொருள் என்றார், பெட்டி என்றார், எல்லாம் ஒரு சோதனைதான் என்றார்.

"சோதனை எனக்குத்தான் வந்திருக்கு. நீங்க வீட்டுக்கு வரும்போது அந்தப் படம் அங்க இருந்துச்சுன்னா, நான் இங்க இருக்க மாட்டேன்."

பதிவை அழித்தால் தீர்ந்தது. ஆனால் அழிக்கும் உரிமை அவரிடம் இல்லை. போன மாதம் கை தவறி, பல் மருத்துவ மாப்பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே அமுக்கில் ஒழித்தவர் என்பதால் முதலாளியம்மா அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். அவரோ ஏதோ ஒரு கல்யாண வீட்டில் இருந்தார், எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை.

சரி, திருத்தவாவது முடியுமே என்று 'மணமாகாதவர்' என்பதை 'மணமானவர்' என்று மாற்றப் போனார். வரன் தேடும் தளத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்காது என்பது அதை அமைத்த அவருக்கே நினைவில்லை. காலியாக விட்டாலும் ஏற்காது. மிச்சம் இருந்தவை 'விவாகரத்தானவர்', 'மனைவியை இழந்தவர்'. பதற்றத்தில் விரல் எதன்மேல் பட்டது என்று பார்ப்பதற்குள் சேமிப்பு முடிந்துவிட்டது.

உடனே தொலைபேசி அடித்தது.

"நான் எப்பங்க செத்தேன்?"

தளக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், நிதானமாகக் கேட்டாள். இத்தனை வருடக் குடும்பம் ஒரு பொத்தானில் போய்விடும் என்று நிஜமாகவே பயந்தார். நீதிபதி துக்கம் விசாரிக்கிறார், அவர் மகளுக்கு இப்போதுதான் இரக்கம் கூடியிருக்கிறதாம் என்று தொலைபேசிப் பெண் வேறு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசி வழியாகப் பெட்டியையே பூட்டினார். முதலாளியம்மா நேரில் வரவழைத்து, விசாரித்து, உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டவர்கள் கடவுச்சொல் போட்டு உள்ளே வந்தால் மட்டும் மாப்பிள்ளைகள் தெரிவார்கள். மற்ற எல்லோருக்கும் ஒரு ரோஜாப்பூ. தன் கைபேசியில் பார்த்தார், ரோஜா வந்தது. தொலைபேசிப் பெண்ணின் கைபேசியிலும் ரோஜாதான். போன உயிர் திரும்பி வந்தது. மனைவியை அழைத்தார்.

"இப்ப பாரு. வெறும் ரோஜாப்பூதான் வரும்."

"ரோஜாவும் இல்ல, கீஜாவும் இல்ல. முதல்ல ஒரு வாத்தியார் வந்தார். அடுத்தது கப்பல்ல வேலை பார்க்கிறவர், நல்ல உயரம். அதுக்கப்புறம் பொண்டாட்டி செத்துப்போன நீங்க."

"பழைய பக்கம் தங்கியிருக்கும். மூடிட்டு மறுபடி திற."

"திறந்தாச்சு. திரும்பவும் நீங்கதான். நான் அம்மா வீட்டுக்குக் கிளம்புறேன்."

தொடர்பு அறுந்தது. தளக்காரர் மறுபடி கணினி முன் உட்கார்ந்தார். கொடுத்த கட்டளைகளை வரிவரியாகப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. உலகத்தில் எல்லோருக்கும் ரோஜா தெரிகிறது, என் மனைவிக்கு மட்டும் மாப்பிள்ளைகள் தெரிகிறார்கள், இந்தப் பாழாய்ப்போன பூட்டில் எங்கே ஓட்டை என்று வாய்விட்டுப் புலம்பினார்.

தொலைபேசிப் பெண் நீதிபதியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பூட்டு சரியாத்தான் சார் இருக்கு. அக்கா எப்ப சார் நம்மகிட்ட மெம்பரா சேர்ந்தாங்க?"