மில்லிமீற்றர் அண்ணையின் சொந்தக் காணி

யாழ்ப்பாணத்தில் எந்த இரண்டு வீட்டுக்காரரும் வேலிக்காகக் கோபித்துக்கொண்டால், இருவருக்கும் பொது எதிரியாகக் கடைசியில் மிஞ்சுபவர் எங்கள் மில்லிமீற்றர் அண்ணைதான். நில அளவையாளர் ஒருவரிடம் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அண்ணை கருவியை முக்காலியில் பூட்டி அதனூடாகப் பார்ப்பார். எதிரே எல்லையில் நான் கோலை நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும்.

வெயிலில் குடை கருவிக்குத்தான், அவருக்கில்லை. "எனக்குக் காய்ச்சல் வந்தா பனடோல் இருக்கு. இதுக்கு வந்தா?" என்று கேட்பார்.

ஒருநாள் பண்டத்தரிப்பில் தெருவோரம் அளந்துகொண்டிருந்தோம். கலியாணக் கார் ஒன்று வந்தது. அண்ணை கருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி மறித்தார்.

"அண்ணை, நல்ல நேரம் போகுது!" என்று சாரதி கத்தினார்.

"நல்ல நேரம் திரும்பவும் வரும். இந்த அளவு பிழைச்சா பேரப்பிள்ளையள் காலம் வரைக்கும் கோடு கச்சேரியெண்டு அலையவேணும்."

காற்றில் குடை வேறு பறந்துவிட்டது. கடைசியில் தலைப்பாகையோடு மாப்பிள்ளையே இறங்கி வந்து கருவிக்குக் குடை பிடித்தார். வேலை முடிந்ததும் அண்ணை அவரிடம், "கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சிட்டீர்" என்றார்.

வலிகாமம் வடக்கில் இப்படிப்பட்டவருடைய சொந்தக் காணி, பல வருடம் இராணுவத்திடம் இருந்துவிட்டு, விடுவிக்கப்பட்டது. நில அளவையாளர் ஐயாவோடு அளக்கப் போனோம். வீடு இல்லை. மதில் இல்லை. கிணறு மட்டும் வாயைத் திறந்தபடி கிடந்தது.

அண்ணை முக்காலியை நட்டார். கருவியைப் பூட்டினார். பிறகு என்னிடம் வந்து கோலை வாங்கிக்கொண்டார்.

"நீ போய்ப் பார் தம்பி. இண்டைக்கு என்ரை கண் எனக்குச் சார்பாய்ப் பாக்கும்."

கருவியூடாகப் பார்த்தேன். தூரத்தில் நின்ற அவருடைய முகம் கைக்கெட்டும் தொலைவில் தெரிந்தது. கோல் ஆடியது. நான் ஆட்டினால் ஊரே கேட்கக் கத்துகிற மனிதர். "ஆடுது அண்ணை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது தானாக நிற்கும்வரை காத்திருந்தேன்.

பழைய வரைபடத்தோடு அளவுகள் பொருந்தின. ஆனால் ஒரு சிக்கல். அவருக்கு முன்பே ஊர் திரும்பி, எல்லை தெரியாமல் குத்துமதிப்பாகக் கட்டிய பக்கத்து வீட்டு அக்காவின் சமையல் குசினி, ஒன்றரை அடி இவருடைய காணிக்குள் நின்றது. அக்கா வாசலில் நின்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"பிளானிலை உள்ளதை உள்ளபடி கீறுங்கோ ஐயா, ஒரு மில்லிமீற்றரும் குறைக்க வேண்டாம்" என்றார் அண்ணை, நில அளவையாளரிடம். "வேலியை மட்டும் குசினிக்கு இங்காலைப் பக்கமாய்ப் போடுறன்."

"அப்ப உன்ரை ஒன்றரை அடி?" என்றார் ஐயா.

"அது அங்கைதானே கிடக்கும். ஆர் தூக்கிக்கொண்டு போறது?"

அக்கா உள்ளே ஓடினார். அதே குசினியிலிருந்து தேத்தண்ணீர் வந்தது.

"சீனி போதுமோ தம்பி?" என்று அண்ணையைக் கேட்டார் அக்கா.

அண்ணை ஒரு வாய் குடித்தார். "அளவாய் இருக்கு அக்கா."

நானும் குடித்துப் பார்த்தேன். பதற்றத்தில் அக்கா சீனியே போடவில்லை. அளவு விசயத்தில் மில்லிமீற்றர் அண்ணை பொய் சொல்லி நான் கேட்டது அன்று மட்டும்தான்.