மஞ்சள் துணியில் முடிந்த கப்பல் டிக்கெட்

பிரிக்பீல்ட்ஸ்,
14-2-1934

அன்பும் மரியாதையும் உள்ள அம்பாங் தம்புசாமி மாமா அவர்களுக்கு, மருமகன் பாலன் கும்பிட்டு எழுதுவது. நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் பணம் திருடு போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சீதாலெட்சுமியை ஊரிலிருந்து வரவழைக்க, கிள்ளான் செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் போட்டுவைத்திருந்த பணம் முழுவதையும் சனிக்கிழமை எடுத்தேன். கோலாலம்பூர் வந்து கப்பல் ஏஜெண்டிடம் கட்ட வேண்டும். நீங்கள் சொன்னபடியே செய்தேன். வாசலில் நின்று எண்ணவில்லை. சட்டைப்பையில் வைக்கவில்லை. பணம் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. மஞ்சள் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டேன். சாமிக்கு நேர்ந்தது என்று எந்தக் கள்ளனும் தொடமாட்டான் என்றீர்கள். உண்மை. தொடவில்லை.

ரயிலில் எதிரே ஒரு தொப்பிக்காரன். ஏறியதிலிருந்து என் மடியையே பார்த்தான். கள்ளன்தான் என்று முடிவு செய்தேன். அவன் எழுந்து வந்தான். முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இடுக்கில் பத்துக் காசைச் செருகிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

அதோடு முடிந்தது என் நிம்மதி. பக்கத்தில் கேரி தீவுத் தோட்டத்து நல்லம்மாள், அவள் புருஷன் பக்கிரிசாமி. பத்துமலை முருகன் கோயிலுக்கு முடி இறக்கப் போகிறார்கள்.

"என்ன வேண்டுதல் தம்பி?" என்று கேட்டாள் நல்லம்மாள்.

பணம் என்று சொல்லக் கூடாதே. "பெண்சாதி வரணும்" என்றேன்.

"கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாளா?" என்றாள். வண்டியே திரும்பிப் பார்த்தது. ஆளுக்கு ஒரு காசு வந்தது, ஆளுக்கு ஒரு புத்திமதியும் வந்தது, அடிச்சியா என்று ஒரு கிழவர் கேட்டார், குடிக்கிறதை விடு தம்பி என்று இன்னொருவர் சொன்னார், நான் குடிப்பதில்லை என்றதற்கு எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க என்றார்கள், கோலாலம்பூரில் இறங்கி நழுவப் பார்த்தபோது பக்கிரிசாமி என் கையைப் பிடித்துப் பத்துமலை பஸ்ஸில் ஏற்றினார்.

உண்டியல் முன்னால் உண்மையைச் சொன்னேன். "அண்ணே, இது டிக்கெட் பணம்."

"சாமிக்கு முடிஞ்ச பொறவு டிக்கெட்டாவது ஒண்ணாவது" என்றார்.

"அவிழ்க்காதே தம்பி, ஊர்க் காசும் உள்ள இருக்கு" என்றாள் நல்லம்மாள்.

உண்டியல் வாய் சிறியது. முடிச்சு சிக்கிக்கொண்டது. அதுதான் கடைசி நம்பிக்கை. அவள் விரலால் தள்ளிவிட்டாள்.

கோயிலில் கேட்டிருக்கலாம். எந்த முகத்தோடு? முடிந்தவன் நான்.

அறைக்கு வந்தேன். சீதாவுக்காக வாங்கிய இரண்டாவது தலையணை. பார்க்காமல் படுத்தேன்.

மாமா, உங்கள்மீது கோபமில்லை. கோபப்படத் தெம்பில்லை. இனி எனக்கு யோசனை எதுவும் எழுத வேண்டாம் என்று மட்டும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
பாலன்

பி.கு.: சீதா பெட்டி கட்டிவிட்டாளாம், கடிதம் வந்திருக்கிறது. ஆபீசில் காலில் விழாத குறையாகக் கேட்டு முன்பணம் வாங்கச் சம்மதம் பெற்றேன். வரும் சனிக்கிழமை ரொக்கமாகக் கையில் கொடுப்பார்கள். ஏஜெண்டு கடைவரை அதை எப்படிக் கொண்டுபோவது? மறு தபாலில் யோசனை எழுதவும்.