எல்லையில் நின்ற சீனி

என் வீட்டில் நடந்த அநியாயத்துக்கு முழுக் காரணம் நீர்தான். பெயரைச் சொல்லி உம்மை நாறடிக்க நான் விரும்பவில்லை. பார்க் எக்ஸ்டென்சனில் மூலைக்கடை வைத்துப் பாலும் பாணும் விற்றுக்கொண்டு, பின்னறையில் தமிழ் ஆட்களுக்கு மட்டும் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுக்கிற ஆள் நீர். இவ்வளவு சொன்னால் உமக்கு விளங்கும். மற்றவர்களுக்கு விளங்க வேண்டுமென்றால் முதலில் இருந்து சொல்லவேணும்.

நான் கதிர்காமத்தம்பி. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தது குறைவு, அடிபட்டுப் படித்ததுதான் கூட. இத்தாலியனோ கிரேக்கனோ, ஒருவனுக்கும் நான் விலை இறங்கினதில்லை. இறங்குவது என்ற சொல்லே எனக்கு ஆகாது. பஸ்ஸில் இருந்துகூடக் கடைசி ஆளாகத்தான் இறங்குவேன்.

அப்படிப்பட்ட என்னைப் பார்த்து டொக்டர் ஆனந்தகிருஷ்ணன், "இறங்கணும்" என்றார்.

ஐஸ் மழை பெய்து ஊரே இருட்டில் கிடந்த வருசம் அது. பனி கரைந்து, சந்தை களைகட்டத் தொடங்கிய நேரம். ஒரு பெட்டி தக்காளிக்காக ஒருவனோடு கத்திக்கொண்டு நின்றவன், தலை சுற்றிக் கோவாப் பெட்டிக்கு மேல் இருந்துவிட்டேன். என் மனுசி கமலாவதி என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனா.

நேர்ஸ் செலீன் கையில் பட்டியைச் சுற்றிப் பிறசர் பார்த்தா. நூற்றெழுபது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கவிட்டுத் திரும்பப் பார்த்தா. நூற்றறுபத்தாறு. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு தரம் இறங்கினவள் இன்னொரு தரமும் இறங்குவாள், விடாதே என்று கமலாவதியின் காதில் சொன்னேன். டொக்டர் உள்ளே வந்ததும் நேரே பேரத்தைத் தொடங்கினேன்.

"நூற்றைம்பது எண்டு போடுங்கோ டொக்டர். உங்களுக்கும் நட்டமில்லை, எனக்கும் நட்டமில்லை."

டொக்டர் தமிழ்நாட்டுக்காரர். பொறுமைசாலி. "இது கத்திரிக்காய் இல்லைங்க," என்றார். "பிரஷர் ஜாஸ்தி. சுகர் வேற எல்லையில நிக்குது. இன்னும் உள்ள வரலை. இப்பவே தடுத்துட்டா நல்லது."

எல்லை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் ஒரு காலம் எல்லையில் நின்றவன்தானே. அகதியாய் இந்த நாட்டுக்குள் வர, லக்கோல் எல்லையில், முழங்கால் பனிக்குள், கோடைச் சப்பாத்தோடு. விடமாட்டோம் என்றுதான் முதலில் சொன்னார்கள்.

"எல்லையில நிக்கிறவன் எப்பிடியும் உள்ள வந்திடுவான் டொக்டர். பிறகேன் மினக்கெட்டுத் தடுப்பான்?"

டொக்டர் வாய் திறக்கமுதல் கமலாவதி முந்திக்கொண்டா.

"அண்டைக்கு நான் இமிகிறேசனில இருக்கேல்லை, அதுதான் உங்களை விட்டவங்கள். இனி நான்தான் இமிகிறேசன்."

இதை அவ செலீனுக்குப் பிரெஞ்சிலும் சொன்னா. கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறவ, பிரெஞ்சு தண்ணி மாதிரி வரும். செலீன் விழுந்து விழுந்து சிரித்தா. அந்த நிமிசமே இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள். பிறசரைவிட ஆபத்தான நோய் எனக்கு அப்போதுதான் பிடித்தது.

செலீனுக்கு நெடுநாள் குறை ஒன்று இருந்ததாம். தமிழ் ஆம்பிளைகள் ஒரு மாதம் குளிசை போடுகிறார்கள். தலைச்சுற்று நிற்கிறது, குளிசையையும் நிற்பாட்டுகிறார்கள். பிறகு அம்புலன்ஸில்தான் வருகிறார்கள். கிளினிக் வாசலுக்கு வெளியே அவர்கள் என்ன தின்கிறார்கள், என்ன குடிக்கிறார்கள் என்று டொக்டர் எங்கே கண்டார்? அதனால் வீட்டுக்கு ஒரு பெண்ணைப் பிடித்து, சனிக்கிழமைகளில் கிளினிக்கில் வைத்துப் பிறசர் பார்க்கப் பழக்குவது என்று தீர்மானித்தார்கள். யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது முதல் ஆளாய்க் கமலாவதி கையைத் தூக்கினா. என்னுடைய கையை.

டொக்டர் அன்றைக்கே குளிசை என்றார். நான் விடாப்பிடியாய்ப் பேசி, கோடை முடியும்வரை தவணை வாங்கினேன். கிழமைக்கொரு தரம் வீட்டில் அளக்கவேண்டும், ஏறினால் அன்றே குளிசை என்பது அவருடைய நிபந்தனை. கமலாவதி வெளியே வந்து தன்னுடையதைச் சொன்னா.

"இறங்காட்டிக் குளிசையோட முடியாது. நீங்கள் கத்திக் கத்திச் சந்தையில விழுந்து சாக நான் விடன். கடையை ஆனந்தராசாவிட்டக் குடுத்திட்டு வீட்டில இருங்கோ."

ஆனந்தராசா அவவின் தம்பி. வாங்க வருகிறவன் சொல்கிற விலைக்கே தலையாட்டி, மேலே ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் சும்மா கொடுத்து, நன்றியும் சொல்லுகிற பிறவி. அவன் கையில் என் கடையா? நினைக்கவே பிறசர் ஏறியது.

வீட்டில் இமிகிறேசன் வேலை தொடங்கியது. சீனிப் போத்தலுக்கு விசா இல்லை. கருவாடு நாடு கடத்தப்பட்டது. ஊறுகாய் தடுப்புக் காவலில். கிழமைக்கொரு தரம் கையைக் கட்டி அளந்தா. எவ்வளவு என்று கேட்டால், "பேந்து சொல்லுறன்." அகதி வழக்குக்கூட இவ்வளவு இழுபடாது.

அப்போதுதான் எனக்கு உம்முடைய பின்னறை ஞாபகம் வந்தது.

வழியில்தான் சிக்கல். பஸ்ஸில் வந்தால் கமலாவதியின் கார்டரி வாசலைக் கடக்கவேணும். முழுக்கக் கண்ணாடி வாசல். ஆகவே பஸ்ஸை விட்டேன். கடையைப் பூட்டியதும் றெயில் பாதையைத் தாண்டி, பின் ஒழுங்கைகளால், உடுப்புக் காய்கிற கயிறுகளுக்குக் கீழே குனிந்து குனிந்து, கோடை முழுக்க நடந்தேன். மழைக்கும் நிற்கவில்லை. ஓர் ஒழுங்கையில் வேலிக்குப் பின்னால் விளையாடுகிற குழந்தைகள் "போன்ஜூர் மிஸ்யூ" என்று கத்தும். நானும் போன்ஜூர் சொல்லுவேன். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வேன்.

உம்முடைய றோல்ஸைக் கடித்ததும் என்ன இறைச்சி என்று கேட்டேன். ஆடு என்றீர். கையில் எண்ணெய் ஒட்டவில்லையே என்றேன். புது எண்ணெய் என்றீர். தேத்தண்ணி வரவரச் சப்பென்று இருக்கிறது என்றபோது, இன்னும் ஒரு கரண்டி போடுகிறேன் என்று கோப்பைக்குள் டிங் டிங் என்று ஆட்டினீர். சத்தம் இருந்தது. சீனி இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. தூரத்தில் வைத்தே கீரைக் கட்டின் வயதைச் சொல்லுகிற நான் பார்க்கவில்லை.

ஒருநாள் வாயும் சும்மா இருக்கவில்லை.

"என்ர மனுசி பத்துப் பிறவி எடுத்தாலும் இப்பிடி ஒரு றோல்ஸ் சுடமாட்டா."

நீர் குனிந்து மேசையைத் துடைத்தீர். துடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

இலை பழுக்கத் தொடங்கிய நேரம், தவணை முடிந்தது. செலீன் இரண்டு தரம் பார்த்தா. இரண்டு தரமும் நூற்று முப்பதுக்குக் கிட்ட. சீனியும் எல்லையில் இருந்து பின்வாங்கிவிட்டதாம். கடை தப்பியது. டொக்டர் எழும்பிக் கை கொடுத்தார். எனக்கில்லை, கமலாவதிக்கு. உங்களை மாதிரி இருபது பேர் இருந்தால் இந்தக் கிளினிக்கில் பாதி வேலை குறையும் என்றார்.

அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்தது என் கால், புகழ் அவவுக்கா?

"டொக்டர், இவவின்ர பத்தியத்தில ஒண்டும் இறங்கேல்லை. நான் கோடை முழுக்க ஆட்டிறைச்சி றோல்ஸும் சீனித் தேத்தண்ணியும்தான். களவாய்ப் பின் ஒழுங்கையால போய்த் திண்டனான். அதுதான் மருந்து."

ஒருவரும் அதிரவில்லை. செலீன் கமலாவதியைப் பார்த்தா. கமலாவதி கைப்பையை மூடினா.

"ஆடில்லை, சோயாமீற். உங்கட கடை லீக்ஸும் போட்டு, பொரிக்காமல் அவணில வைச்சு நான் சுட்டது. கிழமைக்குக் கிழமை சீனியைக் குறைக்கச் சொன்னதும் நான்தான்."

"உனக்கு ஆர் சொன்னது, நான் அங்க போறனெண்டு?"

"கார்டரிக்கு வாசல் முன்னால. குசினி ஜன்னல் பின்னால. பிள்ளையளுக்குப் போன்ஜூர் சொல்லப் பழக்கினது ஆரெண்டு நினைச்சியள்? மறிச்சால் வேற கடைக்குப் போவியள். போறவர் போகட்டும், நடந்தாவது போகட்டும் எண்டு விட்டனான்."

டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீர் மேசை துடைத்த மாதிரியே.

இனி இன்னும் ஏழெட்டு ஆம்பிளைகளை உம்முடைய பின்னறைக்கு அனுப்பப் போகிறார்களாம். றோல்ஸ் கமலாவதி சுடுவா. எல்லாரும் தின்னட்டும். ஆனால் வீட்டில் எனக்கு ஒன்று கேட்டேன். அவ அமைதியாய்ச் சொன்னா:

"பத்துப் பிறவி எடுத்தாலும் நான் சுடமாட்டன் எண்டனீங்களாமே. உங்கட சொல்லைப் பொய்யாக்கலாமோ?"

உம்முடைய கடைக்கு வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி இருக்கிறது. நீரோ, அண்ணைக்குக் குடுக்க வேண்டாமெண்டு அக்கா சொன்னவ என்று கையை விரிக்கிறீர்.

சீனியைக் குறைத்தீர், ஆட்டைச் சோயா ஆக்கினீர், நான் சொன்னதை மட்டும் ஒரு சொல் குறையாமல் அவவிடம் சேர்த்தீர். ஆகவே இதை நீர்தான் சரிப்படுத்த வேணும். இந்த ஞாயிற்றுக்கிழமையே என் வீட்டுக்கு வாரும். அண்ணை அப்படிச் சொல்லவே இல்லை, நான்தான் பிழையாய்க் கேட்டுவிட்டேன் என்று அவவுக்கு முன்னால் நின்று சொல்லும். வரும்போது ஒரு றோல்ஸும் கொண்டு வாரும். சோயாமீற் என்றாலும் பரவாயில்லை.